மன்னார் மாப்பிள்ளையும் மாணவர் விசாவும்: ஒரு வாசகிக்குப் பதில்

கும்பகோணத்துக்கு அருகே பிறந்து, நான்கு ஆண்டுகளாகச் சென்னை வேளச்சேரியில் வாடகை வீட்டில் தங்கி, மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் 29 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் விரும்புகிறவர் இலங்கையின் மன்னாரைச் சேர்ந்த 31 வயது இளைஞர், கத்தோலிக்கர். சென்னைக் கல்லூரி ஒன்றில் முதுநிலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருக்கிறார். அவருடைய மாணவர் விசா இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது. வார இறுதி நாட்களில் நண்பர் ஒருவரின் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்து கையில் கொஞ்சம் பணமும் வாங்கிவருகிறார்.

வாசகிக்கு அப்பா இல்லை. அண்ணன் இந்தத் திருமணத்தைக் கடுமையாக எதிர்க்கிறார்; 'குடும்பச் சொத்தில் ஒரு பைசா வராது' என்றும் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கோ இரண்டு மனம். தாய்மாமா, 'குலதெய்வம் கோயிலில் தாலி கட்டிவிட்டால் போதும், அப்புறம் மாப்பிள்ளையை யார் ஊரைவிட்டு அனுப்ப முடியும்' என்கிறார். முகவர் ஒருவர், ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தால் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியில் திருமணச் சான்று ஏற்பாடு செய்து, ஆறே மாதத்தில் ஓ.சி.ஐ. (இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்) அட்டை வாங்கித் தருவதாகப் பேசியிருக்கிறார். இலங்கைத் தமிழர் முகாமில் பதிந்துகொண்டால் விசாவே வேண்டாம் என்று இன்னொருவர் யோசனை சொல்லியிருக்கிறார். இதற்கிடையே தாம்பரத்தில் இருவர் பெயரிலும் ஒரு அடுக்கக வீடு வாங்க முன்பணம் கட்டும் எண்ணமும் இருக்கிறது. 'நாங்கள் கல்யாணம் செய்துகொண்டால் அவர் என்னோடு இங்கேயே இருக்க முடியுமா, முடியாதா?' என்பதுதான் கடிதத்தின் சாரம்.

அன்புள்ள சகோதரி,

இருக்க முடியும். ஆனால் திருமணம் நடந்த அன்றே அந்த அனுமதி தானாக வந்துவிடாது. திருமணம் அவரை உங்கள் கணவராக்கும்; இந்தியாவில் தங்கும் அனுமதியை அவர் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். நீங்கள் இருவரும் ஒரே மொழி பேசுகிறீர்கள், ஒரே சோற்றைச் சாப்பிடுகிறீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரை அந்நியராக நினைக்க உங்களுக்கு மனம் வராது என்பது புரிகிறது. சட்டத்துக்கு அவர் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வெளிநாட்டவர். ஆகையால் இரண்டு தேதிகளை நீங்கள் எப்போதும் கண்முன் வைத்திருக்க வேண்டும்: ஒன்று திருமணம் சட்டப்படி பதிவாகும் தேதி, மற்றொன்று அவருடைய விசா முடியும் தேதி. உங்களுக்குக் கிடைத்திருக்கும் யோசனைகள் ஒவ்வொன்றும் இந்த இரண்டில் ஒன்றை மறந்துவிட்டுச் சொல்லப்பட்டவை.

தாலி மட்டும் போதாது

உங்கள் தாய்மாமா நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் இந்துத் திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணத்துக்கு மட்டுமே உரியது. ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் என்ற நிலையில் அந்தச் சட்டத்தின்படி செய்த திருமணம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. கோயிலில் தாலி கட்டிக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. கோயிலில் கொடுக்கும் ரசீதைக் காட்டி விசா கேட்க முடியாது என்பதுதான் பிரச்சினை. இதற்காக அவர் மதம் மாற வேண்டும் என்றும் யாரும் வற்புறுத்த வேண்டாம். அதற்குத் தேவையே இல்லை. 1872-ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி தேவாலயத்தில் செய்யும் திருமணமும் செல்லும் என்றாலும், உங்கள் சூழலில் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே நேரான வழி என்று நினைக்கிறேன்.

அதன் நடைமுறை இதுதான். உங்களில் ஒருவராவது குறைந்தது 30 நாட்கள் தொடர்ந்து வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம், அதாவது அந்தப் பொறுப்பை வகிக்கும் சார்பதிவாளரிடம், இருவரும் கையெழுத்திட்ட அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். வேளச்சேரி வீட்டின் வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருப்பதால் அதில் சிக்கல் வராது. அந்த அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். 30 நாட்களுக்குள் செல்லத்தக்க ஆட்சேபம் எதுவும் வராவிட்டால், மூன்று சாட்சிகள் முன்னிலையில் உறுதிமொழியில் கையெழுத்திட்டுத் திருமணம் செய்துகொள்ளலாம், சான்றிதழ் கிடைக்கும். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அந்த அறிவிப்பு காலாவதியாகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இங்கே ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு அதிர்ச்சி அடைய வேண்டாம். உங்கள் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால், அறிவிப்பின் நகல் ஒன்று அந்த மாவட்டத் திருமண அலுவலருக்கும் போகும். அங்கேயும் பலகையில் ஒட்டுவார்கள். அதாவது உங்கள் ஊர்ப்பக்கம் யாராவது ஒருவர் கண்ணில் அது பட்டு, அண்ணனுக்குச் செய்தி போய்ச் சேரலாம். அறிவிப்புக் கொடுப்பதற்கு முந்தைய வாரமே அம்மாவிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள்.

அண்ணன் ஆட்சேபம் கொடுத்தால்? கொடுக்கலாம். ஆனால் வயது, ஏற்கெனவே உயிரோடிருக்கும் கணவன் அல்லது மனைவி, மனநலம் சார்ந்த தகுதி, நெருங்கிய ரத்த உறவு என்று சட்டம் சொல்லும் காரணங்களுக்கு மட்டுமே அதில் இடம் உண்டு. 'எங்கள் குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை', 'அவன் வேற்று மதம்', 'வேற்று நாடு' என்பவை ஆட்சேபமே அல்ல. மிரட்டல் வந்தால் தாமதிக்காமல் காவல்துறையில் எழுத்து மூலம் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். வயது வந்த இருவர் தங்கள் விருப்பப்படி மணந்துகொள்வதில் குடும்பமோ ஊர்ப் பஞ்சாயத்தோ தலையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. இப்படிப்பட்ட இணைகளைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்க வேண்டும் என்றும் அதில் உத்தரவிட்டது.

திருமண அலுவலரே இழுத்தடித்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். குமரி மாவட்டத்துப் பெண் ஒருவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவருக்கும் இப்படித்தான் ஆனது. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து 30 நாட்கள் காத்திருந்தும் அலுவலர் திருமணத்தை நடத்திவைக்காததால், விடுப்பு முடிந்து மணமகன் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, காணொளி வழியாகவே அந்தத் திருமணத்தை நடத்தி, மணமகனுக்கும் சேர்த்து மணமகளே கையெழுத்திட அனுமதித்தது. ஆக, கடைசி வழி ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கு ரிட் மனுவும் செலவும் காலமும் வேண்டும். அதை நம்பி இப்போது கிளம்பாமல் இருந்துவிடாதீர்கள்.

ஆவணங்களில் அவர் பக்கம்தான் வேலை அதிகம். கடவுச்சீட்டு, விசா, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஆகியவற்றோடு, அவர் திருமணமாகாதவர் என்பதற்கான தடையின்மைச் சான்று ஒன்றைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகப் பெற வேண்டியிருக்கும். இதைக் கேட்பது அவர்மேல் சந்தேகப்படுவதாகாது, உங்களுக்கும் அது ஒரு பாதுகாப்பு. பெயரின் எழுத்துக்கூட்டலை இன்றே உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இலங்கைத் தமிழர் ஆவணங்களில் தந்தை பெயர் முன்னால் வரும்; பிறப்புப் பத்திரத்தில் 'தாசன்' என்பதன் முதலெழுத்துக்கு ஆங்கிலத்தில் 'டி' மட்டும் இருக்கும், கடவுச்சீட்டில் 'டிஎச்' என்று இருக்கும். இந்த ஒரே எழுத்துக்காக என்னிடம் வந்த ஒரு தம்பதியின் விண்ணப்பம் பல மாதங்கள் நகராமல் கிடந்தது. திருமணச் சான்றில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் வர வேண்டும்; சார்பதிவாளர் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

விசா ஒரு நாள்கூடத் தாண்டக் கூடாது

கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி, 'கல்யாண வேலையில் விசா ஒன்றிரண்டு மாதம் தாண்டினாலும் அபராதம் கட்டிவிடலாம் என்கிறார்கள்' என்று நீங்கள் எழுதியிருந்ததுதான். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்படி, விசாக் காலத்தை மீறித் தங்குவது மூன்று ஆண்டு வரை சிறையோ, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை. முறையான கடவுச்சீட்டும் விசாவும் கொண்டு வந்தவரே ஆனாலும், அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கினால் குடியுரிமைச் சட்டம் அவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று வகைப்படுத்துகிறது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறக்கும் குழந்தை பிறப்பால் இந்தியக் குடியுரிமை பெற வேண்டுமானால், பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் குழந்தை பிறக்கும் நேரத்தில் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவராகவும் இருக்க வேண்டும். நீங்கள் இந்தியர், கும்பகோணத்தில் அம்மா வீட்டில் குழந்தை பிறக்கிறது, ஆனாலும் அன்றைக்கு அவருடைய விசா காலாவதியாகியிருந்தால், அந்தக் குழந்தை பிறப்பால் இந்தியக் குடிமகளாகாது. ஒரு தேதியை அலட்சியம் செய்வதன் விலை இவ்வளவு.

ஆகவே திருமணச் சான்று கைக்கு வந்ததும், மாணவர் விசா உயிரோடு இருக்கும்போதே, இந்தியக் குடிமக்களின் வாழ்க்கைத்துணைக்கு உரிய எக்ஸ் வகை நுழைவு விசாவாக அதை மாற்றித்தரக் கேட்டு, எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனப்படும் வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியே விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் அது ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. அழைத்தால் இருவரும் நேரில் போக வேண்டியிருக்கும். உண்மையில் சேர்ந்து வாழ்கிறீர்களா என்று விசாரிப்பார்கள், வீட்டுக்கும் வரலாம். பயப்பட ஒன்றுமில்லை. வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயரையும் சேர்ப்பது, எரிவாயு ரசீது, சேர்ந்து எடுத்த படங்கள் என்று உங்கள் வாழ்க்கையின் சாதாரணச் சான்றுகளே போதும்.

இந்த மாற்றம் அதிகாரிகள் பரிசீலித்துத் தருவது. உரிமையாகக் கோரிப் பெறுவதல்ல. தாமதமானாலோ மறுத்தாலோ, விசா முடிவதற்குள் அவர் மன்னாருக்குத் திரும்பி, கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம் வழியாகவோ யாழ்ப்பாணத்திலுள்ள துணைத் தூதரகம் வழியாகவோ எக்ஸ் விசாவுக்கு விண்ணப்பித்து முறையாகத் திரும்பி வரட்டும். 'போனால் திரும்ப விடமாட்டார்கள்' என்ற உங்கள் பயம் புரிகிறது. ஆனால் காலத்துக்குள் வெளியே போனவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. காலம் தாண்டி மாட்டிக்கொண்டவருக்குத்தான் அது மூடிக்கொள்ளும். சில மாதப் பிரிவை நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

அச்சக வேலையை அவர் இந்த வாரமே நிறுத்த வேண்டும். மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்வது விசா நிபந்தனையை மீறுவது. கையில் பணமாக வாங்கினால் தெரியாது என்று நினைக்காதீர்கள். கோபத்தில் இருக்கும் ஓர் உறவினர் எழுதும் ஒரு புகார்க் கடிதம் போதும். எக்ஸ் விசா கிடைத்த பிறகும் வேலை செய்யும் அனுமதி அதோடு தானாக வராது; தனியாகக் கேட்க வேண்டும். எனவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உங்கள் ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

ஓ.சி.ஐ. அட்டையும் குடியுரிமையும்

ஓ.சி.ஐ. என்பது பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும் குடியுரிமை அல்ல. ஆயுள் முழுக்க வந்துபோகவும் தங்கவும் வேலை செய்யவும் வழிசெய்யும் அட்டை. இந்தியக் குடிமகளை மணந்த வெளிநாட்டவர், திருமணம் பதிவாகி, அது முறியாமல் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகே அதற்கு விண்ணப்பிக்கலாம். பாதுகாப்புச் சரிபார்ப்பும் உண்டு. பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கு உள்ள தடை இலங்கையருக்கு இல்லை. கவனியுங்கள்: சட்டம் எண்ணுவது திருமணம் நீடித்த காலத்தை, அவர் இந்தியாவில் இருந்த நாட்களை அல்ல. இடையில் அவர் மன்னாரில் காத்திருக்க நேர்ந்தாலும் அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு நிற்காது. அதனால்தான் பதிவை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

இப்போது அந்த முகவர். பழைய தேதியிட்ட திருமணச் சான்று என்பது போலி ஆவணம். அதில் கையெழுத்திடும் நீங்களும் குற்றவாளி ஆவீர்கள். மோசடியாலோ பொய்த் தகவலாலோ பெற்ற ஓ.சி.ஐ. பதிவை எத்தனை ஆண்டு கழித்தும் ரத்து செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் உறவு உண்மையானது. அதைப் பொய்த் தாளின்மேல் கொண்டுபோய் வைக்க வேண்டிய அவசியம் என்ன? அந்த முகவரிடம் கடவுச்சீட்டு நகல் எதையும் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள்.

திருமணம் முறிந்தால் ஓ.சி.ஐ. பதிவும் ரத்தாகலாம் என்பதையும் உங்கள் வருங்காலக் கணவர் அறிந்திருக்க வேண்டும். இதை உங்கள் கையில் உள்ள ஆயுதமாக நான் சொல்லவில்லை. தங்கும் உரிமை முழுக்க மனைவியைச் சார்ந்தே நிற்கும் ஓர் ஆணின் மனநிலை எளிதானதல்ல. அதை இப்போதே இருவரும் பேசிவைப்பது நல்லது.

முழுக் குடியுரிமைதான் வேண்டுமென்றால், இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டுகள் இங்கே வசித்த பிறகு பதிவு மூலம் கேட்கலாம். இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை என்பதால் இலங்கைக் குடியுரிமையை அவர் விட வேண்டிவரும். அந்த முடிவை இப்போதே எடுக்க வேண்டியதில்லை. உங்கள் குடியுரிமைக்கு எந்த ஆபத்தும் இல்லை; வேறு நாட்டுக் குடியுரிமையை நீங்களாக விரும்பிப் பெற்றால்தான் அது போகும்.

முகாமில் பதியச் சொன்னவர் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறார். 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. கடவுச்சீட்டோடு படிக்க வந்த ஒருவருக்கு அது பொருந்தாது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைத்தான் குறிப்பிடுகிறது. இலங்கை அதில் இல்லை.

சொத்து

அண்ணன் சொன்னது சரியல்ல. சிறப்புத் திருமணச் சட்டப்படி ஓர் இந்து, இந்து அல்லாத ஒருவரை மணந்தால், கூட்டுக் குடும்பத்திலிருந்து அவர் பிரிந்தவராகக் கருதப்படுவார் என்பது உண்மை. பிரிந்தவர் என்றால் பங்கை இழந்தவர் என்று பொருளல்ல. அப்பாவின் சொத்தில் உங்களுக்குரிய வாரிசுரிமை அப்படியே இருக்கும். மாறுவது ஒன்றுதான்: உங்கள் இருவருக்குப் பிறகு உங்கள் சொத்து யாருக்குப் போகும் என்பதை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் தீர்மானிக்கும். பங்கை விட்டுக்கொடுப்பதாக எந்தத் தாளிலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். 'கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறோம், இதில் மட்டும் கையெழுத்துப் போடு' என்று கேட்டாலும் கூடாது.

தாம்பரம் வீட்டு விஷயத்தில் சற்றுப் பொறுங்கள். அந்நியச் செலாவணி விதிகளின்படி, இலங்கை உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்கள், ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகை நீங்கலாக, ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஓ.சி.ஐ. அட்டை கிடைத்த பிறகு அந்தத் தடை அவருக்கு இல்லை. அப்போதும் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப்பயிர் நிலம் ஆகியவற்றை வாங்க முடியாது. வீடு இப்போதே வேண்டுமென்றால் உங்கள் பெயரில் மட்டும் பதியுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் அவர் பெயர் ஏற்கெனவே இடம்பெற்றிருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

ஐந்து மாதம் என்பது போதுமான காலம், ஆனால் தாராளமான காலம் அல்ல. தடையின்மைச் சான்றுக்கு இந்த வாரமே விண்ணப்பித்து, அது வந்ததும் அறிவிப்புக் கொடுத்தால், ஆட்சேபம் வந்து அதை விசாரிக்க இன்னொரு 30 நாட்கள் போனாலும், விசா மாற்றத்துக்கு விண்ணப்பிக்க உங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் மிஞ்சும். அவருடைய கடவுச்சீட்டு எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். அதைப் புதுப்பிக்க வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள்: 'அந்தப் பையன் நாளைக்கு ஊருக்கே போயிட்டா நீ என்னடி பண்ணுவே' என்று இரவெல்லாம் கேட்கிறார் என்று. அவருக்கு ஆறுதல் வார்த்தைகளைவிட, மேலே சொன்ன படிகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். திருமணத்துக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். அதில் ஒரு கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். ஆதார் அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.